தழும்பு இல்லாத கை

அரியலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள்: தர்மராஜ், அவருடைய மூத்த சம்சாரம் வீராயி, இளைய சம்சாரம் கமலவேணி, கமலவேணி பெற்ற ஐந்து வயது தனம், குன்னத்திலிருந்து மாட்டுவண்டி ஓட்டிவந்த பாவாடை. கூட இரண்டு தகரப் பெட்டி, ஒரு கூஜா.

இதில் மூன்று பேர் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுகிறார்கள். வீராயி வழியனுப்ப வந்தவள்.

பினாங்கில் தர்மராஜுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும், குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று எழுதினார். வேலை எதுவும் இல்லை. சும்மா கடல் பார்க்க, ஊர் பார்க்க. குன்னத்தில் பிழைக்கக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. சும்மா ஏறியவர் யாருமில்லை.

வீராயிக்குக் கப்பல் மேல் ஆசை கிடையாது.

தனம் அவளைத்தான் அம்மா என்பாள். பெற்றவளைச் சின்னம்மா என்பாள். பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் கமலவேணி ஜன்னி கண்டு, அரும்பாவூரில் தாய்வீட்டில் படுத்தாள். தேறி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் தனம் வீராயியின் முந்தானையைப் பிடித்தால்தான் தூங்குவாள் என்று ஆகிவிட்டது.

வண்டியில் வரும்போது கமலவேணி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு மாசம் ராப்பகலா என்கிட்டதான கெடக்கப்போவுது. திரும்பி வாரப்ப என்னைய அம்மாங்கும், பாருங்கக்கா."

வீராயி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து நாளுக்கு முன் சிநேகிதரின் கடிதத்தைத் தர்மராஜ் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தார். அம்மை குத்திய சீட்டைத் துறைமுக டாக்டர் நம்பமாட்டார். சட்டையைத் தூக்கிக் கையில் தழும்பைப் பார்ப்பார். இல்லையென்றால் ஏற்றமாட்டார். குத்திக்கொண்டு, ஆறிய பிறகு, அடுத்த கப்பலுக்குத்தான் வரவேண்டும். அம்மை வார்த்து முகத்தில் வடு விழுந்தவர்களை மட்டும் ஒன்றும் கேட்பதில்லை.

"அப்ப அக்காவுக்குச் சீட்டே வேணாம்" என்றாள் கமலவேணி.

வீராயிக்கு முகம் முழுக்க வடு. தர்மராஜும் சிரித்தார்.

தனத்துக்குச் சீட்டு இருந்தது. கைப்பிள்ளையாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று பாதி ஊர் பிள்ளைகளை ஒளித்தது. வீராயி தனத்தைக் காலி நெல் குதிருக்குள் இறக்கினாள். களை வெட்ட வரும் பாப்பாயியின் மகளைத் தூக்கிவந்து, இதுதான் தனம் என்று அதன் கையை நீட்டினாள்.

ஆத்தா ஒரு தடவை வீராயியின் முகத்தை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்திருந்தாள். இன்னொரு தடவை ஆத்தாவோடு வம்பு வேண்டாம்.

கடிதம் வாசித்த நாளிலிருந்து வீராயி இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டு, பிள்ளைக்குக் குத்திக் கூட்டிப் போவார்கள். இனிமேல் தள்ளிப்போட முடியாது. காலையில் குன்னமே கூடி, மேளம் வைத்து, மாலை போட்டு அனுப்பியிருந்தது. தர்மராஜ் அந்த மாலையை இன்னும் கழற்றவில்லை. அவர் திரும்பிப் போய் ஊர் முகத்தில் விழிக்கிற ஆள் இல்லை.

புருஷனும் பெண்டாட்டியும் போவார்கள். பிள்ளை தன்னிடம் இருக்கும்.

ரயிலுக்குக் கைகாட்டி இறங்கியது.

"தனத்துக்கு அம்மை குத்தலைங்க" என்றாள் வீராயி. "நாந்தான் மறைச்சேன்."

தர்மராஜ் பிள்ளையின் சட்டைக் கையை மேலே தூக்கினார். அடுத்த கையையும் பார்த்தார். கமலவேணி குனிந்து விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. பெற்றவள் அந்தக் கையை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தாள்.

தர்மராஜ் வீராயியை அறைந்தார்.

அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஓர் அறைக்கு ஒரு மாதம். மலிவு.

அவர் பையிலிருந்து கப்பல் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தர்மராஜ், மனைவி, குழந்தை ஒன்று என்று அடித்திருந்தது. மனைவிக்குப் பேர் போடவில்லை.

காகிதத்தைப் பார்த்தார். பிறகு வீராயியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது.

"புள்ள பெத்தவகிட்ட இருக்கட்டும். நீ ஏறு."

"எனக்கு எதுக்குங்க கப்பலு? நான் வூட்டுல இருந்து தனத்தைப் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டது போதும்."

ரயில் வந்து நின்றது. பாவாடை பெட்டிகளை ஏற்றினான். இரண்டாவது பெட்டியில் இருந்ததெல்லாம் கமலவேணியின் புடவைகள்.

கமலவேணி அழவில்லை, சண்டை போடவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வீராயி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை அவிழ்த்து அதில் வைத்தாள்.

தர்மராஜ் வீராயியின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறினார்.

தனம் அம்மா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான்கு எட்டு வைப்பதற்குள் கமலவேணி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

"அழாத கண்ணு. பெரியம்மாவுக்குக் கை காட்டு."

தனம் காட்டினாள்.

ரயில்வே ஆள் கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினான்.