மற்றச் சாவி

“மற்றச் சாவி எங்கை?”

ஆறடி தள்ளி நின்ற சீமோனிடம் பேர்ணடெற் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர்களுக்கு விற்ற தன் காரை விட்பியிலிருந்து ஓட்டிவந்து, வோபர்னில் அவர்களுடைய வீட்டு ட்றைவேயில் விட்டுவிட்டு, சாவியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பொனற்றின் மேல் வைத்திருந்தார் சீமோன்.

“அது துலைஞ்சுபோச்சு தங்கச்சி. உது ஒண்டுதான் இருக்கு.”

பேர்ணடெற்றின் முகம் சுருங்கியது மாஸ்க்கையும் தாண்டித் தெரிந்தது. அவளுடைய கணவன் அகஸ்ரின்தான், “சாவியெண்டாத் துலையிறதுதானே, பரவாயில்லை அண்ணை” என்று கதையை முடித்துவைத்தான்.

கொரோனா தொடங்கிய வருடம். எல்லாவற்றையும் பாதுகாப்பாகத்தான் செய்தார்கள். சாவி மூன்று நாள் கராஜில் தனிமைப்படுத்தப்பட்டது. கார் உள்ளும் புறமும் சனிரைசரில் குளித்தது. பாதர் ஆறடி தள்ளி நின்று தீர்த்தம் தெளித்ததில் பாதி பக்கத்து வீட்டுக் காரில் விழுந்தது.

வேளாங்கண்ணிக்குப் போகவென்று ஐந்து வருடமாகச் சேர்த்த காசில் வாங்கிய கார். பக்கக் கதவு இறுகிப்போன தங்கள் பழைய வான் வண்டியை, பஸ்ஸில் ஏறப் பயந்த, மூன்று தெரு தள்ளியிருக்கும் செலீன் என்ற நேர்ஸுக்கு ஏற்கெனவே விற்றாயிற்று. இதுவும் போனால் நடைதான்.

ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் பார்த்தால், ட்றைவர் சீற் படுக்கிற அளவுக்குச் சரிந்து கிடந்தது. அடுத்த நாள் சீற்றில் யாரோ தின்ற பற்றிஸின் தூள். மூன்றாம் நாள் கண்ணாடி கழுவும் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கார் மட்டும் ஒரு கிலோமீற்றரும் ஓடியிருக்கவில்லை.

“உவன் சீமோன்தான்! மற்றச் சாவியை ஒளிச்சு வைச்சிருக்கிறான். காரைக் கொண்டுபோகத்தான் நோட்டம் பாக்கிறான்,” என்றாள் பேர்ணடெற்.

“கள்ளன் ஏனப்பா தண்ணி விட்டுவைக்கிறான்?”

“கொண்டுபோற கார் எண்டபடியாத்தானே இப்பவே கவனிக்கிறான்!”



எல்லாம் நடப்பது இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில். அந்த நேரம் பேர்ணடெற் பேஸ்மென்றில் ஸூமில் செபமாலை சொல்வாள். மேலே மகள் ஸ்டெபனிக்கு ஸூமில் வகுப்பு, மகன் ஜூலியனுக்கு ஸூமில் ட்ரம். அகஸ்ரின் நடக்கப் போயிருப்பான். சீனி வருத்தத்துக்கு அரை மணித்தியாலம் நடக்கும்படிதான் டொக்டர் சொன்னார். அவன் இரண்டு மணித்தியாலம் நடந்தான், மழையிலும் நடந்தான். பேர்ணடெற் அதைச் செபமாலைக் குழுவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சீனி மட்டும் இறங்கவில்லை.

“இண்டைக்கு வோக் வேண்டாம். கள்ளனைப் பிடியுங்கோ,” என்று ஜூலியனின் கிரிக்கெட் மட்டையை நீட்டினாள். “கிட்டப் போயிடாதேங்கோ. ஆறடி!”

ஆறடி தள்ளி நின்று எப்படி அடிப்பது என்று அவன் கேட்கவில்லை. நீலக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். வழக்கமான நடை தவறியதில் மனிசனுக்குக் கடும் எரிச்சல்.

இரண்டு பத்துக்குச் சீமோன் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து ஏறினார். சீற்றைச் சரித்து, மாஸ்க்கை நாடிக்கு இறக்கி, கண்ணை மூடினார்.

அகஸ்ரின் மட்டையோடு பாய்ந்து, சரியாக ஆறடியில் நின்றான்.

“வித்த காரின்ரை சாவியை வைச்சிருக்கிறது மனிசர் செய்யிற வேலையோ அண்ணை? மாதாட்டைப் போக வைச்சிருந்த காசு இது! பொலிசுக்குப் போன் அடிக்கப்போறன்.”

சீமோன் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

“அடியும் தம்பி. அங்கையாவது எனக்கெண்டு ஒரு அறை தருவினம்.”

அகஸ்ரின் மட்டையைக் கொஞ்சம் இறக்கினான்.

“வீட்டிலை எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஸூமிலை. கக்கூசுக்குள்ளை போனாலும் மாமி வந்து தட்டுறா. பார்க்கிலை குந்துற வாங்கெல்லாம் மஞ்சள் ரேப் சுத்திக் கிடக்கு. கோப்பிக்கடையிலையும் இருக்க விடினமில்லை. ஓடாத காருக்கு என்னத்துக்கு இன்சூரன்ஸ் எண்டு மனிசி விக்கச் சொன்னா. வித்தாப் பிறகுதான் தெரிஞ்சுது, என்ரையெண்டு இருந்தது இந்தச் சீற் ஒண்டுதான். பதினொரு வருசமா என்ரை முதுகுக்குப் பழகினது. வேறை எங்கை படுத்தாலும் கண் மூடுதில்லை. ஒரு ரெயினும் ரெண்டு பஸ்ஸும் எடுத்து வாறன் தம்பி.”

 சாவியை யன்னலால் நீட்டினார்.

அகஸ்ரினுக்கு அழுகை வரும்போல இருந்தது. சாவியை அவன் வாங்கவில்லை.

“நாலு மணிக்கு முதல் எழும்பிப் போயிடுங்கோ அண்ணை. மனிசி செபமாலையை முடிச்சிடுவா. பற்றிஸை மட்டும் வெளியிலை நிண்டு சாப்பிடுங்கோ.”

மட்டையைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, ‘கள்ளன் வரேல்லை. ஒருக்கா நடந்திட்டு வாறன்’ என்று பேர்ணடெற்றுக்கு மெசேஜ் அனுப்பினான். மணி இரண்டரை ஆகிவிட்டது. மூன்று தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தான்.

இரவு வேலை முடித்து வந்த செலீன் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். அகஸ்ரின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

தொலைந்துபோய்விட்டது என்று அவளிடம் சத்தியம் பண்ணியிருந்த மற்றச் சாவியால் தன் பழைய வானைத் திறந்து ஏறி, சீற்றைச் சரித்துக் கண்ணை மூடினான்.