இன்னும் கொஞ்சம் தள்ளி

“நீ இங்கயே உட்காரணும். எழுந்து போனேன்னு வச்சுக்கோ, நானும் பின்னாடியே வந்துடுவேன்!”

மூன்றாம் வகுப்பு வாசலில் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள் பாப்பா. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். விடுமுறை தொடங்கியபோது அம்மா இருந்தாள். இப்போது இல்லை.

“ரெண்டு வாரம் போகட்டுமேடா, அப்புறம் ஸ்கூலுக்கு அனுப்பலாம். பச்சைப் புள்ளை, பாவம்” என்று அப்பாவின் அக்கா போனில் சொல்லியிருந்தாள். அவன் கேட்கவில்லை.

வகுப்பு ஆசிரியையும் அவன் பக்கம்தான். “ஒரு நாள் விட்டா மறுநாள் ரெண்டு மடங்கு அழுவா சார். என்ன ஆனாலும் தினம் கூட்டிட்டு வந்துடுங்க. அவ கண்ணுல படுற மாதிரி உட்காருங்க. போகப் போக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கலாம்.”

“ஒரு நாளும் விட மாட்டேன் மிஸ்.”

உட்கார்ந்தான். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாப்பா லேசில் மசியவில்லை. தினமும் ஒரு வம்பு.

“தாடியோட வராதே. பூச்சாண்டிங்கிறாங்க. நான் வர மாட்டேன்.”

சவரம் செய்துகொண்டான்.

“கசங்கின சட்டை வேண்டாம்.”

தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

“எனக்கு மட்டும் டப்பாவா? நீ சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்.”

இரண்டு டப்பா கட்டினான். அவள் பள்ளிக்கு வந்தால் போதும், எதற்கும் தயார்.

நாற்காலி வாசலிலிருந்து வராந்தா முனைக்குப் போனது. அங்கிருந்து குழாயடிக்கு. “நாளைக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரட்டுமா?” என்று அவன் கேட்பான். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்து, இடத்தைத் தானே காட்டுவாள்.

ஒரு காலை மழை கொட்டியது. அவனுக்கு எழ மனமில்லை. போர்வைக்குள் கிடந்தான். பாப்பா சீருடை போட்டுக்கொண்டு, பையும் கையுமாகக் கட்டிலருகே நின்று ஆரம்பித்தாள்.

“நீ வரலைன்னா நானும் போக மாட்டேன். ஊரைக் கூட்டிடுவேன்!”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு நாளும் விடுவதில்லை என்று சொல்லியாயிற்று.

நாற்காலி பள்ளியின் வெளிவாசலுக்கு வந்ததும் காவலாளிக்குப் பேச்சுத் துணை கிடைத்தது.

“உங்களுக்கும் பரீட்சை உண்டா சார்? பக்கத்துல பார்த்து எழுதிடாதீங்க.”

“பாஸானா சரிண்ணே.”

“வேலைவெட்டி ஒண்ணும் இல்லையா?”

“லீவுல இருக்கேன்.”

அன்று மாலை பாப்பாவே கேட்டாள்.

“அப்பா, நாளைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல உட்கார்றியா? அங்க இருந்தாலும் ஜன்னல் வழியா நீ தெரிவே.”

“அவ்வளவு தூரமா? அழ மாட்டியே?”

“பார்க்கலாம்.”

வென்றுவிட்டோம் என்று நினைத்தான். மறுநாள் டப்பாவும் கையுமாக நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தான். அந்த வழியாகத்தான் அவன் வரைபடம் போடும் வேலை பார்க்கும் பம்பு ஆலையின் பேருந்தும் வரும். வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம சார்! உங்க சீட்டு காத்து வாங்கிட்டே போகுது. ஏறுங்க, ஏறுங்க!”

அவன் வகுப்பறை ஜன்னலைப் பார்த்தான். பாப்பா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு படியில் கால் வைத்தான்.

பேருந்து நகர்ந்ததைப் பார்த்து ஆசிரியைக்குப் பகீரென்றது. ஓடி வந்து பாப்பாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

“அப்பா சாயந்திரம் வந்துடுவார்டா கண்ணு. அழக்கூடாது, என்ன?”

“இனிமே எதுக்கு மிஸ் அழணும்?” பாப்பா பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “அம்மா போனதுல இருந்து அப்பா கட்டிலை விட்டே எழுந்திரிக்காம கிடந்தார். எப்படியோ வேலைக்கு அனுப்பிட்டேன்!”