பழைய காவல்

மேசை விளக்கின் வெளிச்சத்தில் மடிக்கணினி நான்காவது முறையாக நீலமாகி அணைகிறது. "நேத்து என் தம்பி பாதுகாப்புக்குன்னு ஒரு சாப்ட்வேர் போட்டான் அண்ணா. அதுலேர்ந்து இப்படித்தான்" என்கிறாள் எதிரே நிற்கும் பெண், கைப்பையின் வாரை விரலில் முறுக்கியபடி. மெக்கானிக் அதை சேஃப் மோடில் திறக்கிறான். ஒரே உறையில் இரண்டு கத்தி. புதியதற்கு முன்பே, பட்டியலில் பெயர் காட்டாத பழைய ஒன்று உள்ளே காவல் இருக்கிறது. அதன் ஃபோல்டரைத் திறந்தவனின் கை மவுஸின் மேலேயே நின்றுவிடுகிறது. திரை முழுக்க அவள் முகம், கணினியின் கேமராவே எடுத்த படங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, இரண்டு வருடங்கள். கொட்டாவி விடுகிறாள், ஈரத்தலை துவட்டுகிறாள், யாருடனோ பேசிச் சிரிக்கிறாள், முந்தாநாள் மதியம் கண்ணைத் துடைக்கிறாள். ஒவ்வொன்றும் எடுத்த கையோடு யாருக்கோ மெயிலில் போயிருக்கிறது. "இதுக்கு முன்னால யாராவது இதுல கை வச்சாங்களாம்மா?" "வாங்கின புதுசுல என் வீட்டுக்காரர்தான் ஏதோ கடையில குடுத்து எல்லாம் போட்டுட்டு வந்தாரு." எந்தக் கடை என்று பார்க்கக் கணினியை மூடிக் கவிழ்க்கிறான். அடியில், தான் தொட்ட ஒவ்வொரு கணினியிலும் அவன் ஒட்டும் வெள்ளைச் சீட்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி அவன் கையெழுத்தில் இருக்கிறது. திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்று ஒருவர் தன்மையாகக் கேட்டார். இவனும் மறுபேச்சில்லாமல் இதைப் போட்டுக் கொடுத்தான். "என் தம்பி போட்டதுலதான் கோளாறா அண்ணா?" "இல்லம்மா, பழசுலதான்." "அதைப் போட்டது யாரு?" சீட்டின் மேல் வைத்த கட்டைவிரலை அவன் எடுக்கவில்லை.