மூன்றாம் வாசல் மறியல்

ஒழுங்காக வேலைநிறுத்தம் செய்யக்கூட வக்கில்லாத ஜென்மங்கள் என்று எமில் பாவ்லிக் காறித் துப்பினார்.

இந்தக் காலத்தில் எவனுக்குத்தான் வெட்கம் இருக்கிறது? பந்தடிப்பதற்குக் கோடி கோடியாக வாங்குகிற பயல்கள், போதவில்லை என்று போன ஆகஸ்டில் மட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மார்ச். இன்னும் திரும்பவில்லை. உலகப்போரே நிறுத்தாத பேஸ்பாலை இவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

சரி, போராட்டம் என்றால் வாசலில் வந்து நிற்க வேண்டாமா?

எமில் இரும்பாலைக்காரர். பனியில் மூக்கு மரத்துப்போக மறியல் செய்தவர். இவர்கள் ஃப்ளோரிடா வெயிலில் கோல்ஃப் ஆடிக்கொண்டே போராடுகிறார்களாம்.

மைதானத்தை வெளிப்பக்கமாகப் பாதி சுற்றிவிட்டார். ஒரு ஆட்டக்காரன் கண்ணில் படவில்லை. கோபத்தோடு கோபமாக, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

உள்ளே இன்று அவர் மகன் ரே ஆடப்போகிறான்.

ரே ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். பள்ளியை விட்டதிலிருந்து சின்னச் சின்ன ஊர் அணிகளில் ஆடி, முழங்கால் போய், வீடு திரும்பியவன். போராடுகிறவர்களுக்குப் பதிலாக முதலாளிகள் ஆள் தேடியபோது அவனையும் கூப்பிட்டார்கள். இந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் மூன்றாம் பேஸில் நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் எமிலுக்கு.

நேற்று பியர் கடையில் பழைய ஆலைத் தோழர்கள் பேச்சை வேறு எங்கெங்கோ ஓட்டினார்கள். பெர்னி மட்டும் கோப்பையைப் பார்த்தபடி கேட்டான்.

"பதில் ஆளுங்கறாங்களே, எமில், நம்ம ஆலையில அதுக்கு வேற ஒரு பேரு உண்டில்ல?"

கோடீஸ்வரனுக்கு எதற்கடா சங்கம் என்று எமில் சீறினார். வாசலில் மறியல் என்று ஒன்று இருந்தால்தானே அதைத் தாண்டுகிறவன் கருங்காலி? ஒரே ஒருத்தன் நின்றாலும் நான் திரும்பி வந்துவிடுகிறேன், போதுமா என்றார்.

ஆட்டக்காரர்கள் நுழைகிற மூன்றாம் வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

வெர்னெட்டா. ஆட்ட நாட்களில் இருக்கைகளுக்கு நடுவே வறுத்த கடலை விற்கிறவள். கையில் கம்பில் அடித்த தட்டி. வாசலுக்கு ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு ஆதரவாக நிற்பது என்று கடலை விற்பவர்களின் சங்கம் தீர்மானம் போட்டிருந்ததாம். மற்ற வாசல்காரர்கள் வரவில்லை. இவள் வந்துவிட்டாள்.

எமில் அவளைப் பிடித்து உலுக்காத குறை. ஆட்டம் நின்றதிலிருந்து உன் அடுப்பு எப்படி எரிகிறது, அந்தப் பயல்களில் எவனாவது உனக்கு ஒரு காப்பி வாங்கித் தந்திருப்பானா என்று கேட்டார்.

"நாறப் பயலுகதான், பெரியவரே. அவனுக மூஞ்சிக்காகவா நிக்கிறேன்? சங்கம் நில்லுன்னுச்சு, நிக்கிறேன்."

அவரும் இப்படித்தான் நின்றிருக்கிறார்.

அவள் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தாள். எதிர்க்கடைக் கழிப்பறைக்கு ஓடிப்போய் வந்துவிடுகிறேன் என்று தட்டியை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் உள்ளே போயிருக்கலாம். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் மறியல் வாசலை ஆளில்லாமல் விட்டுப் பழக்கமில்லை. தட்டியை எழுத்துக்கூட்டிப் படித்தார். நியாயமான ஒப்பந்தம் கிடைக்கும்வரை ஆட்டம் இல்லை என்றிருந்தது. கீழே துப்பினார்.

பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ரே வந்தான், தோளில் பையோடு.

அவன் தட்டியைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். மறியல் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்தவன்.

"நீங்க போகாதேன்னா போகல, அப்பா. சொல்லுங்க."

கடலைக்காரி ஒண்ணுக்குப் போயிருக்கிறாள், சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எமில் வாயைத் திறந்தார். அதுதான் உண்மை. ஆனால் தட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தனை உள்ளே போ என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெற்ற பிள்ளையைப் போகாதே என்று சொல்லவும் எழவில்லை.

தான் பார்க்காவிட்டால் அவன் உள்ளே போய்விடுவான் என்று தோன்றியது. திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

பின்னால் காலடி கேட்டது. பிறகு கதவு திறந்து மூடியது.

மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆலையில் ஒரு கருங்காலி உள்ளே போகும்போது, மறியலில் நிற்கிற அத்தனை பேரும் அவனுக்கு முதுகைக் காட்டுவார்கள். அதோடு சரி. சாகும்வரை அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதையும் பார்த்திருக்கிறான்.

வெர்னெட்டா ஓடிவந்து தட்டியை வாங்கிக்கொண்டாள். யாராவது உள்ளே போனார்களா என்று கேட்டாள்.

இல்லை என்றார் எமில்.

மறியலில் நின்று அவர் சொன்ன முதல் பொய் அது.

உள்ளே தேசிய கீதம் தொடங்கியது. அதற்காக எப்போதும் கழற்றுகிற தொப்பியை எமில் இன்று கழற்றவில்லை. இத்தனை கோடி வாங்குகிறவனுக்கு என்ன கேடு, எதற்கடா இவன்களுக்கு ஒரு சங்கம் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.