ஒரு பக்க மீசை

"ஒரு பக்கம் மட்டும் எடு."

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த கதிரேசன் சொன்னதைக் கேட்டு, சலூன்காரர் சின்னப்பையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா நைனா சொல்ற? ஒரு பக்கம்னா?"

"மீசையில ஒரு பக்கம். இடது பக்கம் எடு. படுக்கும்போது அந்தப் பக்கமாத்தான் படுப்பேன், தலகாணியில மறைஞ்சுடும்."

ராயப்பேட்டையில் அந்த மீசையைத் தெரியாதவர்கள் குறைவு. குடைக் கட்சியின் வட்டச் செயலாளருக்கு அதுதான் அடையாள அட்டை. தேர்தல் நேரத்தில் தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அதை முறுக்கிவிட்டுக்கொண்டே அவர் சவால் விட்டார்: "விசிறிக் கட்சி ஆட்சிக்கு வந்தா, மறுநாளே ஒரு பக்க மீசையை எடுத்துட்டு ஒரு வாரம் இதே தெருவுல நடப்பேன்." கைதட்டல் காதைப் பிளந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டான்.

ஓட்டு எண்ணினார்கள். யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. ஐந்து வருஷமாக ஒன்றையொன்று கிழித்துத் தொங்கவிட்ட விசிறியும் குடையும் கைகோத்துக்கொண்டு நேற்றுக் காலை பதவியேற்றுவிட்டன.

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஹனீஃபா பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இரு இரு. உங்க கட்சியும்தான ஆட்சியில கீது? அப்போ நீ ஜெயிச்சியா, தோத்தியா?"

"அதான் பாய் எனக்கும் தெரியல. மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு கட்சியும் எப்பவுமே அண்ணன் தம்பிதான்றாங்க."

"சி.எம். யாரு? அவங்களா, நீங்களா?" என்றார் சின்னப்பையன்.

"மொத ரெண்டரை வருஷம் அவங்க. அப்பால நாங்க."

"அப்போ மொத ரெண்டரை வருஷத்துக்கு எடுத்துடு. அப்பால வளத்துக்கோ," என்றார் ஹனீஃபா பாய்.

தலை நிறைய டையோடு மூலையில் உட்கார்ந்திருந்தவர், "ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி ஓட்டுப் போட்ட நமக்குத்தான்யா முழு மொட்டை," என்றார். சலூனே சிரித்தது.

கதிரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாயங்காலம் நாலு மணிக்கு எம் பொண்ணு தமிழ்நிலாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அடையாறு பார்ட்டி, நல்ல இடம். இந்த மூஞ்சிய வெச்சுக்கினு நான் எப்படிப் போய் நிப்பேன்?"

"அப்போ ரெண்டு பக்கமும் வழிச்சுடலாம் நைனா. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ரெண்டையும் எடுத்தா ஷேவிங் பண்ணிக்கினான்னுதான் சொல்லுவாங்க. தலைவருங்க பேச்சு மாறலாம் சின்னப்பையா. அவங்க இந்தத் தெருவுல நடக்கப்போறதில்ல. நான் நடக்கணும்."

சின்னப்பையன் பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தார்.

வீட்டில் ஜோதிலட்சுமி புருஷனைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் கோலத்துல கூடத்துக்கு வந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். புரோக்கர் இன்னா சொன்னாரு? மாப்பிள்ளையோட அப்பா பெரிய மானஸ்தர், சொன்ன சொல்லு மாறமாட்டாருன்னாரு. அவர் முன்னாடி அரை மீசையோட நின்னா எம் பொண்ணு கதி இன்னா ஆவுறது? காய்ச்சல்னு சொல்லிடறேன். போத்திக்கினு உள்ள படுங்க."

கதிரேசன் படுத்தார். மகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

நாலு மணிக்கு மாப்பிள்ளை புகழேந்தியும் அவன் அம்மாவும் மட்டும் வந்தார்கள்.

"அவருக்குத் திடீர்னு ஒரு வேலை வந்துடுச்சு," என்றாள் அந்த அம்மாள், கேசரித் தட்டைப் பார்த்தபடி.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது என்பது, யாரும் கேட்காமலே அவள் இரண்டாம் முறை காபி கொண்டுவந்ததில் தெரிந்தது.

"எங்களுக்குப் பரம திருப்தி," என்றாள் அந்த அம்மாள். "ஆனா அப்பாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கணும். அப்பதான் மேற்கொண்டு பேச முடியும். புகழு, அப்பாவுக்குப் போன் போடு."

மாப்பிள்ளை போனோடு எழுந்ததும் ஜோதிலட்சுமிக்கு உயிரே போய்விட்டது. "நீங்க உக்காருங்க தம்பி, நான் குடுக்கறேன்," என்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெறும் பேச்சுதானே என்று கையை நீட்டிய கதிரேசனுக்குத் திக்கென்றது. வீடியோ கால். சட்டென்று போர்வையை இழுத்து இடது கன்னத்தை மூடிக்கொண்டார்.

"வணக்கம் சம்பந்தி. உடம்பு முடியலையாமே?"

திரையில் பாதி முகம்தான் தெரிந்தது. பாவம், மனுஷனுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று கதிரேசன் நினைத்துக்கொண்டார்.

"வணக்கம் சம்பந்தி. போனைக் கொஞ்சம் திருப்புங்க. பாதிதான் தெரியறீங்க."

திரையில் இருந்தவர் போனைத் திருப்பவில்லை.

"நீங்க மொதல்ல போர்வையை எடுங்க."

கதிரேசன் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? வருவது வரட்டும் என்று அவர் போர்வையை விலக்கினார்.

திரையில் இருந்தவர் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் போனை நேராகப் பிடித்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் விசிறிக் கட்சியின் காலண்டர் தொங்கியது. அவர் மீசையில் வலது பக்கத்தைக் காணோம்.

"நீங்களும் மைக்லதான் சொன்னீங்களா சம்பந்தி?" என்றார் அவர்.