படம் போட்ட ஃபைல்

"எழுத்தெல்லாம் வேண்டாம்மா. படம் போடு."

மாமனார் நீலமேகம் இப்படிச் சொன்னதும் சிவப்ரியாவுக்குச் சுருக்கென்றது.

நெடுங்காட்டுக்கு மருமகளாக வந்து ஐந்து மாதம். கணவன் ஜெயபிரகாஷுக்குப் புதுச்சேரியில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டில் ரேஷன் கார்டு அரிசி டப்பாவில் இருக்கும். கரண்ட் பில் சாமி படத்துக்குப் பின்னால். ஆஸ்பத்திரிச் சீட்டு தலையணை உறைக்குள்!

ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, ஆறு ஃபைல் வாங்கிப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். கையெழுத்துக்குப் பேர் போனவள்.

"இவ்வளவு பெருசா எழுதியிருக்கேனே, மாமா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைம்மா. கரண்டுக்கு ஒரு பல்பு போடு. கேஸுக்கு சிலிண்டர். ஆஸ்பத்திரிக்கு ஒரு இதயம். பார்த்ததும் பளிச்சுனு தெரியணும். காலண்டர்லயும் அப்படித்தான். எந்தத் தேதியில எதைக் கட்டணுமோ, அந்தப் படம்."

மாமியார் கமலாம்பாள் குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டியதையெல்லாம் பிய்த்துவிட்டுப் படம் போட்டாள் சிவப்ரியா. சிலிண்டர் பூசணிக்காய் மாதிரி வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், மாமா கண்ணாடிகூடப் போடாமல், பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படித்து, "நம்ம தங்கையனோட சம்பந்தி போயிட்டாராம்" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

"கண்ணு தெரியலையாம்! மருமக எழுதினதை மட்டும் படிக்க முடியாதாம்!" என்று பள்ளிக்கூடத்தில் கமருன்னிசா டீச்சரிடம் பொருமித் தீர்த்தாள்.

"விடுப்பா. மருமக ஒண்ணு சொன்னா மாத்தி ஒண்ணு சொல்லணும் சிலருக்கு. இல்லைன்னா சோறு இறங்காது" என்றாள் கமருன்னிசா.

சிவப்ரியாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வீம்பு!

அடுத்த மாதம் ஒரு நாள், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன். வயலில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, பக்கத்து வயல்காரர் மருதையன் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

விழுந்தடித்து ஓடினாள்.

"பழைய ஈ.சி.ஜி. இருக்கா? ஏதோ ஊசி ஒத்துக்காதுங்கிறார், பேர் சொல்லத் தெரியலை. எழுதின சீட்டு ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போன் அடித்தாள். "அத்தை, ஆஸ்பத்திரி ஃபைல்! பீரோ மேல்தட்டு. ஆட்டோ பிடிச்சு உடனே வாங்க!"

"வரேம்மா." போன் வைக்கப்பட்டது.

ஆறு ஃபைலும் ஒரே நிறம். பதற்றத்தில் அத்தை, வீட்டு வரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால்? சிவப்ரியா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

ஆட்டோ வந்தது. மார்போடு அணைத்த ஃபைலோடு கமலாம்பாள் இறங்கினாள். மேலே சிவப்பில் ஓர் இதயம்.

டாக்டர் புரட்டினார். "நல்லவேளை! இந்த வலி ஊசியைத்தான் போட இருந்தேன். இதுதான் இவருக்கு ஆகாதாம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "பழைய ஈ.சி.ஜி., புது ஈ.சி.ஜி. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ரத்தத்தையும் பார்த்தாச்சு. இதயத்துக்கு ஒண்ணும் இல்லை, வாய்வுதான். சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க."

சிவப்ரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கமலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் காபி வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனாள்.

"அந்தப் படம்தான் மாமா இன்னைக்குக் காப்பாத்துச்சு" என்றாள் சிவப்ரியா. "உங்களை என்னமோ நினைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே கண்ணையும் ஒரு தடவை காட்டிடுவோமா?"

நீலமேகம் கதவுப் பக்கம் பார்த்தார். கமலாம்பாள் தாழ்வாரத்தைக் கடந்து போய்விட்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைம்மா. உன் அத்தைக்குத்தான் எழுத்துத் தெரியாது. டீச்சர் மருமககிட்ட அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். உனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."