பூ பார்க்க வந்தவர்

ஜூலை 8, புதன்.

தவறு என்னுடையது. கேமராவை முழங்கால் உயரத்தில் மாட்டிவிட்டேன்.

போன வருடம் எங்கள் பேஷன் ஃப்ரூட் கொடியிலிருந்து தானாக உதிர்ந்த பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கிய பழக்கம். பந்தலுக்கு யாரோ வந்துபோகிறார்கள் என்று அண்ணன் சொன்னதும், திருட வருபவனும் குனிவான் என்று கணக்குப் போட்டேன். இப்போது கொடியில் பூ மட்டும்தான் இருக்கிறது என்பதை யோசிக்கவே இல்லை. மாலை நேரத்தில் சட்டம் படிக்கிறவன் இவ்வளவு முன்யோசனையோடு இருந்தால் கட்சிக்காரர்கள் கதி என்ன ஆகும், தெரியவில்லை.

ஆனாலும் பதிவானது போதுமாக இருந்தது. நடுப்பகலில் ஒரு ஜோடி பளபளப்பான கறுப்பு ஷூ எங்கள் பின்வாசல் வழியாக வருகிறது. பந்தலுக்குக் கீழே ஒரு ஸ்டூல் வைக்கப்படுகிறது. ஷூ அதன்மேல் ஏறுகிறது, வெகுநேரம் நிற்கிறது, இறங்குகிறது. ஸ்டூல் நகர்கிறது. மறுபடி ஏறுகிறது.

"பல் டாக்டர்!" என்றார் அண்ணன். "இந்தத் தெருவுல பாலிஷ் போட்ட ஷூ அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. மதியம் கிளினிக்கை மூடிட்டுச் சாப்பிட வர்றேன்னு வந்து, என் கொடிக்கு விஷம் வெக்கிறான்!"

அண்ணன் வீட்டுத்தோட்டச் சங்கத்தின் தலைவர். அந்தப் பதவியை வாங்கிக்கொடுத்ததே போன வருடம் காய்த்துத் தள்ளிய இந்தக் கொடிதான். 'கொடியோடு பேசுங்கள், அது காய்க்கும்' என்று மேடைமேடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் சங்கத்தார் அத்தனை பேரும் கொடியைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குப் பந்தலில் காய் இல்லையென்றால் தலைவர் நாற்காலி துணைத்தலைவருக்குப் போய்விடும். அவர் வளர்ப்பது மிளகாய். அவமானம் இரட்டிப்பு.

"விஷம் வெச்சா இலை கருகாதா?" என்றார் அண்ணி. "பூவைப் பார்க்க வந்திருப்பார். விட்டுடுங்களேன்."

"உனக்கு ஊரே உத்தமன்தான். ஸ்டூலைப் பாரு, நம்ம சமையலறை ஸ்டூல்! அதையும் திருடி இருக்கான்."

திருடவில்லை. ஸ்டூல் சமையலறையில்தான் இருக்கிறது. பின்வாசலுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். பகலில் வீட்டில் இருப்பவர் அண்ணி ஒருவர்தான். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். வந்த விடை பிடிக்காமல் மறுபடி கூட்டிப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. 

அண்ணன் புகார் கொடுத்தார். டாக்டரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்த இன்ஸ்பெக்டர் பதிவை இரண்டு முறை பார்த்தார்.

"சார், முகம் எங்கே?"

"ஷூ இருக்குல்ல!" என்றார் அண்ணன்.

"ஷூவை எப்படி சார் உள்ளே தள்றது?" என்றவர், டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அவங்க வீட்ல உங்களுக்கு என்ன வேலை?"

டாக்டர் அண்ணியை ஒரு முறை பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார்.

"பூ பார்க்கப் போனேன்."

"தினமுமா?"

"தினமும் பூக்குதே."

இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார். அவரும் கூட்டிப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அந்த அறையில் கணக்கு வராதவர் அண்ணன் மட்டும்தான்.

சமாதானமாகப் போகச் சொன்னார்கள். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன்: 'இரு வீட்டாரும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் எக்காரணம் கொண்டும் காலடி வைப்பதில்லை.' டாக்டர் கையெழுத்துப் போட்டார். 'எக்காரணம் கொண்டும்' என்பதை இன்ஸ்பெக்டரே பாராட்டினார். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பந்தலுக்குப் போய்க் கொடிக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"ரொம்ப அழகா எழுதினே தம்பி."

"அண்ணி, நான் யார்கிட்டயும் எதுவும்…"

"என்ன எதுவும்? மூஞ்சியப் பாரு! அஞ்சு வருஷமா அந்தக் கொடி பூத்துப் பூத்துக் கொட்டுச்சு. ஒரு காய் பிடிச்சுதா? அந்த மஞ்சள் வகை தன்னோட மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. வேற கொடியோடதுதான் வேணும். போன வருஷம் டாக்டர் தன் வீட்டுப் பூவை எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு பூவுலயும் பஞ்சுக்குச்சியால தடவிவிட்டார். அதனாலதான் காய்ச்சுது. உங்கண்ணன் என்னடான்னா, தன் பேச்சுல மயங்கித்தான் காய்ச்சுதுன்னு மேடை ஏறிட்டார்."

"அதை ஸ்டேஷன்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்கண்ணன் சங்கத்துல தலைகாட்ட முடியுமா? அதுக்காகத்தான் அந்த மனுஷன் வாயை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டார்."

"இப்ப?"

"போன் பண்ணேன். 'விஷம் வெக்கிறவன் வீட்டுப் பூ உங்களுக்கு எதுக்கும்மா'ன்னு வெச்சுட்டார். ஒரு பூகூடத் தர மாட்டாராம்."

வெளியே அண்ணன் கொடியிடம், "இனிமே பயமில்லை, தைரியமா காய்ச்சிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி என் கையில் ஒரு கட்டுப் பஞ்சுக்குச்சியை வைத்தார். "மதியம் விரியற பூ ராத்திரிக்குள்ள மூடிக்கும். அதுக்குள்ள வேலை முடியணும்."

நாளைய வேலை: சாப்பிட்டுவிட்டு டாக்டர் கிளினிக்குக் கிளம்பியதும், அவர் வீட்டுச் சுவரேறிக் குதிக்க வேண்டும்.